விசா தராத மொழி: வடமராட்சியிலிருந்து ஸ்பானியம் கற்பது பற்றி

பருத்தித்துறையில் ஒருவர் பிறமொழி படிக்கத் தொடங்கினால், எந்த நாட்டுக்குப் போகப் போகிறார் என்றுதான் அயலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1838இல் மெதடிஸ்த மிஷன் இங்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கியது. இன்றைய ஹாட்லிக் கல்லூரி அதன் வழிவந்தது. அங்கே ஆங்கிலம் படித்தவர்கள் கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். 1956க்குப் பிறகு அரசாங்க உத்தியோகத்துக்குச் சிங்களம் வேண்டியதாயிற்று. 1983க்குப் பின்னர் நம்மவர்கள் கற்ற ஜெர்மனும் பிரெஞ்சும் நோர்வேஜியமும் அகதியாகப் போய் இறங்கிய இடத்தில், தொழிற்சாலையிலும் உணவகத்துச் சமையலறையிலும் நின்று கற்றவை. வாழ்க்கைத் துணையிடம் வந்து சேர விரும்புவோர் புறப்படும் முன்பே ஏ1 தரத்தில் ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்று ஜெர்மனி 2007இல் விதித்தது. அதன் பிறகு அந்த மொழி நம் டியூட்டரிகளுக்குள்ளேயே வந்துவிட்டது. கொரிய மொழியும் வேலைக்கான பரீட்சையாகத்தான் வந்தது.

இந்த வரிசையில் ஸ்பானியத்துக்கு இடமில்லை. ஸ்பெயினிலோ இலத்தீன் அமெரிக்காவிலோ நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறவில்லை. ஸ்பானியம் படித்தால் விசா கிடைக்காது. அயலவருக்குச் சொல்லப் பதிலும் இராது. ஆகவே அதைக் கற்பதால் வடமராட்சியில் இருக்கும் ஒருவருக்கு என்ன பலன் என்பதை, வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து நிறுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் முதலில் சொல்லும் காரணங்கள் நமக்குச் சிறிதளவே பொருந்துகின்றன. அதிகம் பேசப்படாத ஒரு காரணம் மற்ற எல்லாவற்றையும்விடப் பாரமானது. இதுதான் நான் வந்து சேர்ந்த முடிபு.

முதலில் எண்ணிக்கை. ஸ்பானியம் ஏறத்தாழ 50 கோடிப் பேரின் தாய்மொழி. ஸ்பெயின், ஆபிரிக்காவின் எக்குவடோரியல் கினி, மெக்சிக்கோவிலிருந்து ஆர்ஜென்டினா வரையான 18 நாடுகள் என 20 நாடுகளின் ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்று. ஐக்கிய அமெரிக்காவிலும் 4 கோடிக்கு மேற்பட்டோர் வீட்டில் பேசுவது ஸ்பானியமே. இவையெல்லாம் உண்மை. ஆனால் 50 கோடிப் பேர் பேசுகிறார்கள் என்பது மட்டும் ஒரு மொழியைக் கற்கப் போதிய காரணமாகாது. அந்த 50 கோடியில் யாரோடு நமக்குப் பேச்சு இருக்கிறது என்பதே கேள்வி.

அடுத்தது சம்பளம். ஆல்பர்ட் சைஸ், எலெனா சொய்டோ என்ற பொருளியலாளர் இருவர் அமெரிக்கப் பட்டதாரிகளின் வருமானத்தை ஆராய்ந்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இரண்டாவது மொழி பேசும் பட்டதாரிக்குக் கிடைக்கும் மேலதிக ஊதியம் சராசரியாக 2 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஜெர்மன் தெரிந்தவருக்கு அதைவிடக் கூட, ஸ்பானியம் தெரிந்தவருக்கு அதைவிடக் குறைவு. ஸ்பானியம் பேசுவோர் அந்த நாட்டில் ஏராளம் என்பதால் அதன் விலை அங்கே இறங்கியிருக்கிறது. இலங்கையில் நிலைமை நேரெதிர்: தெரிந்தவர் மிகச் சிலர், ஆனால் தேவையும் சிறியது. அந்தச் சிறிய தேவை எங்கே இருக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம். ஸ்பானியம் படித்தால் உழைப்பு இரட்டிப்பாகும் என்று யாராவது விளம்பரம் செய்தால் அதை நம்பிப் பிள்ளைகளின் காசைக் கட்ட வேண்டாம்.

மூளைக்கு நல்லது என்பது மூன்றாவது காரணம். இதற்கு மேற்கோளாகக் காட்டப்படுவது ரொறொன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தின் எலன் பியாலிஸ்டொக்கும் அவரது குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. மறதி நோய்க்கு ஆளானவர்களுள் இருமொழி பேசி வாழ்ந்தவர்களுக்கு நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ 4 ஆண்டுகள் பிந்தித் தோன்றியதாக அவர்கள் கண்டனர். அதன் பின் வந்த ஆய்வுகள் அத்தனை உறுதியாக இல்லை. கென்னத் பாப் போன்றோர் இருமொழியாளருக்குத் தனியான சிந்தனைத் திறன் எதுவும் தென்படவில்லை என்றனர். சாதகமான முடிவுகள் அச்சேறும் அளவுக்குப் பாதகமான முடிவுகள் அச்சேறுவதில்லை என்று 2015இல் ஆஞ்செலா டி புரூயினும் சகாக்களும் எடுத்துக் காட்டினர். விவாதம் இன்னும் முடியவில்லை. எப்படியானாலும், தமிழோடு ஆங்கிலமும் ஓரளவு சிங்களமும் புழங்கும் ஒருவருக்கு இந்த நன்மை இருக்குமானால் ஏற்கனவே கிடைத்திருக்கும். அதற்காக ஸ்பானியத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கற்பதற்கு எளிது என்ற நான்காவது காரணத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் நமக்குரியது அன்று. அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் தன் அலுவலர்களுக்கு ஸ்பானியம் கற்பிக்க 30 வாரம் ஒதுக்குகிறது, தமிழுக்கு 44 வாரம். அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு. தமிழரின் வாய்க்கும் காதுக்கும் ஸ்பானியம் எளிதாவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. பாடநூல்கள் ஆங்கிலம் வழியாக வருவதால் அவை நம் மாணவர் கண்ணில் படுவதேயில்லை.

ஒலியிலிருந்து தொடங்கலாம். ஸ்பானியத்தின் உயிர்கள் ஐந்து: அ, எ, இ, ஒ, உ. எழுதியபடி வாசிக்கலாம். அதன் தகரம் நம் தகரத்தைப் போலப் பல்லில் நாக்குப் பட்டுப் பிறப்பது. ஆங்கிலேயர் இதற்கு மாதக்கணக்கில் பழக வேண்டும். இன்னும் நுட்பமான ஒற்றுமை ஒன்று உண்டு. 'அது' என்னும்போது இரண்டு உயிருக்கு நடுவே தகரம் மெலிந்து ஒலிக்கிறதல்லவா, ஸ்பானியத்தின் 'd' ஒலியும் அப்படியே மெலிகிறது. 'ஒவ்வொரு' என்று பொருள்படும் 'காத' என்ற சொல்லை யாழ்ப்பாணப் பிள்ளை ஒன்று தமிழ்போல வாசித்தாலே உச்சரிப்புச் சரியாக வந்துவிடும். தண்ணீரைக் குறிக்கும் 'அகுவா'வின் ககரமும் 'அகம்' என்பதன் ககரம்போல மென்மையானதே. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். ரகர றகரப் பேதத்தைப் பாலர் வகுப்பிலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சிக்கல் சொல்லின் முதலில் வரும் வல்லினத்தில்தான். நாணயத்துக்கும் முத்தத்துக்கும் அந்த மொழியில் உள்ள இரண்டு சொற்களையும் தமிழில் எழுதினால் 'பேசோ' என்று ஒன்றாகவே வரும். ஆகவே தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பதை முதல் வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இலக்கணத்தில் உறவு இன்னும் நெருக்கம். 'வந்தேன்' என்றால் போதும், 'நான்' வேண்டியதில்லை. ஸ்பானிய வினையும் தன் விகுதியிலேயே ஆளைச் சொல்லிவிடும். எனக்குத் தலை வலிக்கிறது, எனக்கு இது பிடிக்கும் என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்லும் இடங்களில் ஸ்பானியமும் 'எனக்கு' என்றே தொடங்குகிறது: மே துவேலே லா கபேசா, மே குஸ்தா. ஆங்கிலம் வழியாகப் படிக்கும் மாணவருக்கு இது தலைகீழ் வாக்கியமாகத் தெரியும். தமிழிலிருந்து நேரே போனால் தலைகீழ் எதுவும் இல்லை. இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: 'வீடு பார்த்தேன்' என்று நாம் உருபில்லாமல் சொல்லலாம், ஆனால் 'அம்மா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'அம்மாவை' என்றே சொல்ல வேண்டும். உயர்திணைச் செயப்படுபொருளுக்கு உருபு கட்டாயம். ஸ்பானியத்திலும் மனிதரைச் செயப்படுபொருளாக்கினால் அதற்கு முன் 'ஆ' என்ற சிறு சொல் வரவேண்டும், பொருளென்றால் வேண்டாம். ஆங்கில வழிப் பாடநூல் இதைப் பெரிய விதிவிலக்காக விளக்கும். உயர்திணை அஃறிணை படித்த பிள்ளைக்கு ஒரு வரி போதும்.

மரியாதைச் சொற்களிலும் அப்படித்தான். தமிழகத்தில் இன்று நீ, நீங்கள் என்ற இரண்டுமே பேச்சில் பெருவழக்கு. யாழ்ப்பாணத்தில் இடையில் 'நீர்' இருக்கிறது. ஆசிரியர் மாணவனிடமும் கணவன் மனைவியிடமும் சமவயதுக்காரர் தமக்குள்ளும் பேசும் அந்த நடுத்தர மரியாதைக்கு ஆங்கிலத்தில் ஈடில்லை. மத்திய அமெரிக்காவிலும் கொலம்பியாவின் சில பகுதிகளிலும் தூ, வோஸ், உஸ்தெத் என்று மூன்று படிகள் புழங்குகின்றன. எந்தப் படியை எவருக்கு என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் மூன்று படி ஏன் வேண்டும் என்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கடினமான இடங்களும் இருக்கின்றன. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது நம் திணை பால் அறிவோடு ஒட்டாது. சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றுக்கு வினை தனி வடிவம் எடுப்பதும் நாட்பட்டுத்தான் பழகும்.

வீட்டுச் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. மேசை, சப்பாத்து, பாண், குசினி, அலுமாரி, வாங்கு எல்லாம் போத்துக்கேயர் விட்டுச் சென்றவை. போத்துக்கேயமும் ஸ்பானியமும் உடன்பிறப்புகள் என்பதால் மேசா, சபாத்தோ, பான், கொசினா, அர்மாரியோ, பாங்கோ என்று கேட்கும்போது யாழ்ப்பாணத்தார் திகைக்க மாட்டார்கள். ஆனால் யன்னலும் கதிரையும் ஸ்பானியத்தில் முற்றிலும் வேறு. இந்த உதவி சில பத்துச் சொற்களோடு முடிந்துவிடும். இதைப் பெரிதுபடுத்துவது சரியன்று.

போத்துக்கேயர் காலத்தைப் பற்றி வேறொன்று சொல்ல வேண்டும், அது பெரிய விடயம். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலின் முடியும் ஸ்பெயினின் முடியும் ஒரே தலையில் இருந்தன. 1591இல் அந்திரே புர்த்தாதோ டி மெந்தொன்சா நல்லூரை வென்று எதிர்மன்னசிங்கத்தை அரசனாக்கியபோது மேலாண்மை இரண்டாம் பிலிப்புக்கு உரியது. 1619இல் பிலிப்பே டி ஒலிவேரா இரண்டாம் சங்கிலியைச் சிறைப்பிடித்து யாழ்ப்பாண அரசை முடித்தபோது அது ஸ்பெயினை ஆண்ட மூன்றாம் பிலிப்பின் பெயரால் நடந்தது. அடுத்த 21 ஆண்டுகள் பருத்தித்துறையும் அவ்வரச குடும்பத்தின் ஆளுகைக்குள் இருந்தது. நிருவாகம் நடந்தது போத்துக்கேய மொழியில். மட்ரிட்டில் மன்னருக்கு ஆலோசனை சொல்லப் போர்த்துக்கல் மன்றம் என்று ஒன்று இருந்தது. அதன் ஆவணத் தொகுதி ஸ்பெயினின் சிமாங்காஸ் கோட்டை அரச காப்பகத்தில் இருக்கிறது. ஸ்பானிய அரசு தன் காப்பகங்களின் விவரப் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதில் தேட ஸ்பானியம் தெரிய வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் காணி வரலாற்றை எழுதுபவர் எவரும் 1645ஆம் ஆண்டின் போத்துக்கேய வருமானப் பதிவேட்டைத் தாண்டிப் போக முடியாது. அதை அடிப்படையாகக் கொண்டு போல் ஈ. பீரிஸ் 1920இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பெர்னாவோ டி கெய்ரோஸ் பாதிரியார் 1687இல் முடித்த பெரிய வரலாற்றை எஸ். ஜி. பெரேரா அடிகளார் 1930இல் ஆங்கிலமாக்கினார். திகிரி அபேசிங்க போத்துக்கேய ஆவணங்களை நேரே வாசித்து 1986இல் யாழ்ப்பாணம் பற்றிய நூலைத் தந்தார். இம்மூவரும் நமக்குச் செய்தது பேருதவி. யாழ்ப்பாணத் தமிழர் தம் ஊரின் மூல ஆவணங்களைத் தாமே வாசிக்கும் நிலை ஏன் இன்னும் பரவலாக வரவில்லை என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. ஸ்பானியத்துக்கும் போத்துக்கேயத்துக்கும் சொல்வளத்தில் ஏறத்தாழ 89 சதவீத ஒற்றுமை உண்டு என்பார்கள். ஒன்றைச் செவ்வையாகக் கற்றவர் மற்றதை வாசிக்கச் சில மாத உழைப்புப் போதும்; பழைய கையெழுத்தை வாசிக்கும் பயிற்சிதான் தனியே வேண்டும்.

இது ஆகாத காரியம் அல்ல என்பதற்குச் சான்று நம் தீபகற்பத்தை ஒட்டிய தீவிலேயே இருக்கிறது. ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளார் இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், போத்துக்கேயம் ஆகியவற்றோடு ஸ்பானியமும் அறிந்தவர். தென் அமெரிக்க நாடுகளுக்குப் போய்த் தமிழைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் மந்திர நூல், 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் முதலிய முன்னோடி அச்சு நூல்களைப் பற்றி அவர் உலகத்துக்கு எழுதினார். அந்தாம் டி புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போத்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலிருந்து அப்படியே மறுஅச்சாக வெளியிட்டார். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் பின்னே இருந்தது இந்தப் பன்மொழி வாசிப்பு. அடிகளாரின் சிலைக்கு மாலை போடுகிறோம். அவர் கற்ற மொழிகளைக் கற்க ஒரு வகுப்புத் தொடங்கினால் அது அவருக்குக் கூடுதல் மரியாதை.

இலக்கியத்துக்கு வருவோம். கார்சியா மார்க்கெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' ஞாலன் சுப்பிரமணியன், சுகுமாரன் மொழிபெயர்ப்பில் 2013இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. போர்ஹெஸைப் பிரம்மராஜன் தமிழுக்குக் கொண்டு வந்தார். இவையும் இவை போன்ற பலவும் ஆங்கிலம் வழியே வந்தவை. அவை தமிழ்ப் புனைகதையை எவ்வளவு அசைத்தன என்பதைத் தமிழ் வாசகர் அறிவர். அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்றி சொல்லியே மேலே போக வேண்டும். ஆனாலும் 'எனக்கு', 'நீர்', உயர்திணை உருபு போன்ற நம்மிடமும் உள்ளவை ஆங்கிலத்தில் கரைந்துபோய்த்தான் தமிழுக்கு வந்து சேர்கின்றன. நேரடி மொழிபெயர்ப்பாளர் சிலர் உருவானால் அந்த இழப்புத் தவிர்க்கப்படும்.

பாப்லோ நெருடாவைப் பற்றிப் பேசாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. அவர் 1929, 1930 ஆண்டுகளில் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்பு வெள்ளவத்தையில் வாழ்ந்தார். இறந்தபின் 1974இல் வெளியான அவரது நினைவுக்குறிப்பில் ஒரு பகுதி வருகிறது. தன் வீட்டுக் கழிவறையைத் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண்ணொருத்தியை அவளது விருப்பமின்றி உடலுறவுக்கு உட்படுத்தியதை அவரே எழுதியிருக்கிறார். அவளுக்கு அந்நூலில் பெயர் இல்லை, பேச்சும் இல்லை. சாதியின் பெயரால் அந்த வேலைக்குத் தள்ளப்பட்ட தமிழ்ப் பெண் அவள். 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோது, சிலி நாட்டுப் பெண்ணுரிமையாளர்கள் இந்தப் பக்கத்தைக் காட்டியே எதிர்த்தார்கள். இலங்கையில் அசோக ஹந்தகம 2021இல் இச்சம்பவத்தை வைத்து 'அல்பொராதா' என்ற திரைப்படத்தை எடுத்தார். நெருடாவைத் தமிழில் நாம் நெடுங்காலமாகக் கொண்டாடி வருகிறோம். கவிதைகளோடு அந்தப் பக்கத்தையும் அவர் எழுதிய சொற்களிலேயே படித்து, அந்தப் பெண்ணின் பக்கம் நின்று எழுதத் தமிழ் வாசகருக்கு உரிமையும் கடமையும் உண்டு என்று நினைக்கிறேன்.

இனி, எல்லாவற்றிலும் பாரமானது என்று தொடக்கத்தில் சொன்ன காரணம்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள். வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலையோடு வடமராட்சி கிழக்கின் மருதங்கேணியிலும் அதே ஆண்டில் கொட்டகை எழுந்தது. மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த பல தாய்மார் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். 2025இல் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் நடந்த அகழ்வுகளில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, குழந்தைகளுடையவை உட்பட. இந்த எலும்புகளை எப்படி அடையாளம் காண்பது, குடும்பங்களிடம் எப்படி ஒப்படைப்பது, உண்மையைச் சொல்ல மறுக்கும் அரசை எப்படிக் கேள்வி கேட்பது என்பவை நம் அன்றாடக் கேள்விகள். இக்கேள்விகளை உலகில் மிக நீண்ட காலம் கேட்டு, விடைகளையும் தோல்விகளையும் மிக விரிவாக எழுதிவைத்தவர்கள் ஸ்பானியம் பேசும் மக்கள்.

1977 ஏப்ரல் 30 அன்று புவெனோஸ் ஐரிஸ் நகரின் மே சதுக்கத்தில், இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடிய 14 பெண்கள் கூடினார்கள். கூட்டமாக நிற்கத் தடை இருந்ததால் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். அந்த நடை இன்னமும் வியாழன்தோறும் நடக்கிறது. 1984இல் எர்னஸ்தோ சாபத்தோ தலைமையிலான ஆணைக்குழு 'நுன்கா மாஸ்' என்ற அறிக்கையில் 8,961 பேரின் காணாமல் ஆக்கத்தைப் பதிவு செய்தது. உரிமை அமைப்புகள் சொல்லும் தொகை 30,000. அதே ஆண்டில் கிளைட் ஸ்னோ என்ற அமெரிக்கத் தடயவியல் அறிஞரிடம் பயின்ற இளைஞர்கள் ஆர்ஜென்டினாவின் தடயவியல் மானுடவியல் குழுவைத் தொடங்கினார்கள். இன்று புதைகுழி அகழ்வில் உலகமே மதிக்கும் குழு அது. சிறையில் பிறந்து களவாக வளர்க்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார், பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டியின் இரத்தத்திலிருந்து பிள்ளையை அடையாளம் காண முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். மரபியல் அறிஞர் மேரி கிளெயர் கிங் அதற்கு வழி கண்டார். 1987இல் சட்டத்தின் மூலம் தேசிய மரபணு வங்கி அமைந்தது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் தம் உண்மையான பெயரை அறிந்திருக்கிறார்கள். செம்மணிக்கு மரபணு வங்கி வேண்டும் என்று பேசும்போது, அது எப்படிக் கட்டப்பட்டது, எங்கே தடங்கியது, யார் இரத்தம் கொடுக்கப் பயந்தார்கள், அந்தப் பயத்தை எப்படிப் போக்கினார்கள் என்பதெல்லாம் அந்தப் பாட்டிமாரின் வாக்குமூலங்களில் இருக்கிறது.

சட்டத்திலும் அப்படியே. காணாமல் ஆக்கப்படுதல் பற்றி ஒரு பன்னாட்டு நீதிமன்றம் அளித்த முன்னோடித் தீர்ப்பு, கோஸ்தா ரிக்காவின் சான் ஹோசேயில் உள்ள அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 1988 ஜூலையில் ஹொண்டுராஸ் அரசுக்கு எதிராக வழங்கியது. வெலாஸ்கெஸ் ரோத்ரிகெஸ் வழக்கு என்பார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் கதி தெரியாத வரை விசாரிக்கும் கடமையும் அரசுக்கு ஓயாது என்று அது சொன்னது. இலங்கை 2016இல் காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்தைச் சட்டத்தால் நிறுவியது. அதே ஆண்டில் வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கையையும் ஏற்று, 2018இல் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. அந்த உடன்படிக்கையின் பின்னணியில் இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் நீண்டகால உழைப்பு இருக்கிறது.

பெருவின் உண்மை ஆணைக்குழு 2003இல் தந்த அறிக்கையை நம்மவர் படிக்க வேண்டியதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. அந்நாட்டின் உள்நாட்டு மோதலில் கொல்லப்பட்டோரும் காணாமல் போனோரும் 69,280 பேர் என்று அது மதிப்பிட்டது. அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தலைநகர் பேசிய மொழியோ ஸ்பானியம். மலைக்கிராமத்தின் துயரம் லிமாவின் காதில் ஏன் விழவில்லை என்பதை அந்த ஆணைக்குழு நேர்மையாக ஆராய்ந்தது. தமிழில் அழுத தாயைக் கொழும்பு ஏன் கேட்கவில்லை என்று கேட்கும் நாம் அந்த அதிகாரங்களை ஊன்றி வாசிக்க வேண்டும். மெக்சிக்கோவில் காணாமல் போனோரின் அரசப் பதிவு 2022இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அங்கே தாய்மார் தாமே குழுவாகச் சேர்ந்து, இரும்புக் கம்பியை நிலத்தில் இறக்கி இழுத்து, நுனியை முகர்ந்து பார்த்துப் புதைகுழி தேடுகிறார்கள்.

முக்கிய அறிக்கைகளில் சில ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன, மீதியைக் கணினி மொழிபெயர்த்துத் தராதா என்று கேட்கலாம். அறிக்கையின் சாரத்தை அறிய அது போதும். ஆனால் பெரும்பகுதி அறிக்கையில் இல்லை. வானொலிப் பேச்சில், ஊர்க்கூட்டத்தில், தாய்மாரின் பதிவுகளில், வழக்குரைஞரின் குறிப்புகளில் இருக்கிறது. மருதங்கேணித் தாய் ஒருவர் மெக்சிக்கோத் தாய் ஒருவரோடு திரையில் முகம் பார்த்துப் பேச வேண்டுமானால் இருவருக்கும் நடுவே இரண்டு மொழியும் அறிந்த, இரண்டு பக்கத்துத் துயரத்தையும் மதிக்கத் தெரிந்த மனிதர் வேண்டும். இன்று அந்த உரையாடல் நடந்தால் தமிழ் ஆங்கிலமாகி, ஆங்கிலம் ஸ்பானியமாகி இரண்டு கை மாறித்தான் போய்ச் சேரும்.

மற்றப் பலன்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்பெயின்காரர் நீண்ட விடுமுறை எடுக்கும் மாதம் ஓகஸ்ட்; நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவும் அந்தப் பருவத்தை ஒட்டியே வருகிறது. அப்போது வடக்கில் மழை இல்லை. நல்லூருக்கு வரும் பயணியை வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கும் மணற்காட்டு மணல்மேடுகளுக்கும் தெருமூடி மடத்துக்கும் சக்கோட்டை முனைக்கும் அழைத்துவந்து அவர் மொழியிலேயே விளக்கக்கூடிய உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் வடமராட்சியில் இருந்தால் அவருக்கு வேலை இருக்கும். பத்து வழிகாட்டிகள் வந்தால் எல்லோருக்கும் இருக்காது. இதுதான் முன்னே சொன்ன சிறிய தேவை.

கடலோடிகளுக்கும் பயன் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அங்குள்ள மாலுமிகளோடு ஜிப்ரால்டரைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இன்றும் இப்பகுதி இளைஞர்கள் வணிகக் கப்பல்களில் போகிறார்கள். கப்பலுக்குள் ஆங்கிலம் போதும். பனாமா, கயாவோ, வல்பரைசோ, லாஸ் பல்மாஸ் போன்ற துறைகளில் இறங்கினால் கரையில் ஸ்பானியம்தான்.

புலம்பெயர்ந்த வீடுகளில் இந்த மொழி ஏற்கனவே நுழைந்துவிட்டது. இங்கிலாந்தில் உயர்தரப் பரீட்சைக்கு மாணவர் எடுக்கும் நவீன மொழிகளில் 2019இல் ஸ்பானியம் பிரெஞ்சை முந்தியது. பிரான்சில் பள்ளிப் பிள்ளைகள் இரண்டாவது அந்நிய மொழியாக அதிகம் தெரிவுசெய்வது ஸ்பானியத்தையே. லண்டனிலும் பாரிசிலும் உள்ள பருத்தித்துறைப் பேரப்பிள்ளைகள் பலர் அதைப் படிக்கிறார்கள். தமிழோடும் ஸ்பானியத்தோடும் வளரும் அந்தத் தலைமுறையிலிருந்துதான் நேரடி மொழிபெயர்ப்பாளர் வரக்கூடும். அவர்களுக்குத் தமிழ்ப் பக்கத்தில் துணை நிற்கும் ஒருவர் ஊரில் இருப்பது நல்லது. மெக்சிக்கோ வழியாக அமெரிக்காவுக்குள் போகும் எண்ணத்தோடு ஸ்பானியம் படிக்க நினைப்பவருக்கு மட்டும் ஒரு சொல்: 2017இல் அந்த எல்லையைக் கடந்தவுடன் பிடிபட்ட ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 ஜூனில் அவருக்கு எதிராகவே முடிந்தது. அந்தப் பாதைக்கு எந்த மொழியும் காப்பு அல்ல.

எப்படித் தொடங்குவது? வடமராட்சியின் பள்ளி நேரசூசியில் இதற்கு இடம் தேடுவது இப்போதைக்கு வீண். ஸ்பானிய அரசின் சேர்வாந்தெஸ் நிறுவனம் 1991இல் தொடங்கியது. நமக்கு அண்மைக் கிளை 2009இல் திறந்த புதுடில்லி. அது இணையவழியும் கற்பிக்கிறது. அதன் 'தெலே' சான்றிதழ் ஏ1 முதல் சி2 வரை ஆறு தரங்களில், காலாவதி இல்லாதது. அமெரிக்கத் திணைக்களத்தின் 30 வாரத்தை மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 750. நாளுக்கு ஒரு மணித்தியாலம் படித்தால் இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூட. அதற்குள் செய்தியும் எளிய வாக்குமூலமும் வாசிக்க வரும். தனியே படிப்பதைவிட நாலைந்து பேர் வாசிகசாலையில் கூடிப் படிப்பது நிலைக்கும். ஒலியையும் 'எனக்கு' வாக்கியங்களையும் உயர்திணை உருபையும் தமிழிலிருந்தே விளக்கும் சிறு கைந்நூல் ஒன்று இருந்தால் முதல் ஆறு மாதம் பாதியாகக் குறையும். ஆங்கிலம் சரளமாக இல்லாத பிள்ளைகளுக்கும் அப்போது கதவு திறக்கும். மொழியியலும் மொழிபெயர்ப்பும் கற்பிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் இதைக் கையில் எடுக்கலாம்.

அப்படி ஒரு குழு தேறி வந்து முதலில் எதைத் தமிழாக்குவது என்று கேட்டால், நாவலை நான் சொல்ல மாட்டேன். 1988ஆம் ஆண்டின் வெலாஸ்கெஸ் ரோத்ரிகெஸ் தீர்ப்பிலிருந்து தொடங்கலாம். இருநூறுக்குக் குறைந்த பந்திகள்தான், நடையும் தெளிவு. அதற்கடுத்து மே சதுக்கத்துப் பாட்டிமார் மரபணு வங்கி கேட்டு எழுதியவை. செம்மணி வழக்கு யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றில் அழைக்கப்படும் நாட்களில் வாசலில் நிற்கும் குடும்பங்களிடம் அவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம்.